இரங்கல் உரைக்கு அண்ணாச்சி சொன்ன திருத்தங்கள்

உக்காருங்க சார். கண்ணாடியைக் கழட்டி இப்படிக் குடுங்க. ஸ்க்ரூதான் லூசு, வேற ஒண்ணும் இல்ல. வெளியூரா? பேச்சுலயே தெரியுது. கண்ணாடி இல்லாம எதிர்த்தாப்புல என்ன இருக்குன்னு தெரியுதா உங்களுக்கு? தெரியலையா? பரவாயில்ல, நான் சொல்லுதேன். எதிர்த்தாப்புல இரும்புக்கடை. வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்துக்கிட்டு போறவன் வாறவனையெல்லாம் ஒருத்தர் ஏசிக்கிட்டு இருக்காருல்லா, சத்தம் கேக்குதா? அவருதான் மாசானமுத்து அண்ணாச்சி. எங்க வியாபாரிகள் சங்கத் தலைவர். போன ஆவணியிலயே போயிருக்க வேண்டிய ஆளு. போகல. அதனால எனக்கு வந்த கஷ்டம் இருக்கே, அதை யாருகிட்டப் போய்ச் சொல்ல?

தப்பா நினைச்சிராதீங்க. அவரு நல்லா இருக்கட்டும். நூறு வயசு இருக்கட்டும். நான் சொல்ல வந்தது வேற. உழைப்பு வீணாப் போச்சுன்னு சொல்லுதேன்.

என் பேரு குற்றாலிங்கம், அண்ணாச்சிக்குக் குத்தாலம். சங்கத்துக்குச் செயலாளர். தொழில் இந்தக் கண்ணாடிக்கடைதான்னாலும், பேருன்னு எடுத்தது பேச்சுல. கல்யாணத்துல வாழ்த்திப் பேசுவேன், கடை திறப்புல பேசுவேன். ஆனா நமக்குக் கைவந்தது இரங்கல் கூட்டம்தான். ஏன்னா அதுல யாரும் பாதியில எந்திரிச்சுப் போக முடியாது.

எனக்குப் போட்டியா ஒருத்தன் இருக்கான். மருந்துக்கடை செல்வின். 'மண்ணை விட்டு விண்ணைத் தொட்டார், நம்மை விட்டு நலமாய்ச் சென்றார்'ம்பான். எவரு செத்தாலும் அதே வரி. அரிசி மண்டிக்காரர் செத்தப்பவும் அதே, தையல்கடைக்காரர் செத்தப்பவும் அதே. பேரை மட்டும் மாத்துவான். ஒரு தடவை அதையும் மாத்தல. முந்தின மாசம் செத்தவரு ரெண்டாந்தடவை செத்தாரு. அதுக்கும் நாலு பேரு கைதட்டினான் சார். இரங்கல் கூட்டத்துல!

பேச்சுங்கிறது அப்படி இல்ல. திட்டம் வேணும். முதல்ல யாரு முன்னால பேசுதோம்னு பாக்கணும். அப்புறம் மூணு பாயிண்டு எடுக்கணும். நாலு ஆகாது. நாலாவது பாயிண்டுல ஜனங்க காலால செருப்பைத் தேட ஆரம்பிச்சிரும். ஆரம்பத்துலயே ஆளைப் பிடிச்சு இழுத்துரணும், நடுவுல ஒரு தடவை சிரிக்க வைக்கணும், முடிக்கும்போது தொண்டை அடைக்கணும். நமக்கு இல்ல, கேக்கிறவனுக்கு. இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தரல. நானா யோசிச்சது. நான் எப்பவுமே கொஞ்சம் சுருக்கமாப் பேசுற ஆளு, அதனால எனக்கு இது சீக்கிரம் பிடிபட்டுச்சு.

அந்தச் சின்ன ஸ்க்ரூ எங்கயோ உருண்டிருச்சு. இருங்க, தேடிக்கிட்டே சொல்லுதேன்.

ஆவணியில அண்ணாச்சி படுத்துட்டாரு. நெஞ்சுல சளின்னாங்க, அப்புறம் நுரையீரல்ல நீர் கோத்திருக்குன்னாங்க. பாளையங்கோட்டையில ஒரு ஆஸ்பத்திரியில சேத்தாங்க. டாக்டரு மதினியைக் கூப்பிட்டு, சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிருங்கன்னுட்டாரு. மதினின்னா அண்ணாச்சி சம்சாரம், பேச்சியம்மா மதினி. அந்தச் செய்தி பஜாருக்கு வந்த அன்னைக்கு செல்வின் கடை வாசல்ல நின்னு வானத்தைப் பாத்து உதட்டை அசைச்சுக்கிட்டு இருக்கான். சாமி கும்பிடுதான்னு நினைச்சீங்களா? பேச்சை மனப்பாடம் பண்ணுதான்! மண்ணை விட்டு விண்ணை!

எனக்கு ரத்தம் கொதிச்சிருச்சு. அண்ணாச்சிக்கு அந்த வரியா? எனக்கும் அவருக்கும் பெரிய நெருக்கம்னு சொல்ல முடியாது. தினமும் சாயங்காலம் ஒண்ணா டீ குடிப்போம். ஞாயித்துக்கிழமை கடை கிடையாது, அன்னைக்கு அவரு வீட்டுல குடிப்போம். என் மக கல்யாணத்துக்கு வாசல்ல நின்னு வாங்க வாங்கன்னு கூப்பிட்டது அவருதான். அவ்வளவுதான் பழக்கம். ஆனா ஒரு மனுசனுக்கு ஒரு தரமான பேச்சு வேணும்லா?

வீட்டுக்குப் போய் உக்காந்தேன். என் வீட்டுக்காரி செண்பகவடிவு, "என்ன எழுதுதீங்க?"ன்னா. சொன்னேன்.

"அந்த மனுசன் இன்னும் மூச்சு விட்டுக்கிட்டு இருக்காரு" அப்படின்னா.

"அதனாலதான் இப்பவே எழுதுதேன். கடைசி நேரத்துல எழுதினா கட்டமைப்பு வராது."

"கட்டமைப்பா?" அப்படின்னுட்டு உள்ள போனவதான், அன்னைக்குப் பூரா என்கிட்டப் பேசல. பொம்பளைங்களுக்கு முன்தயாரிப்போட அருமை தெரியாது சார்.

எழுத உக்காந்தா ஒரு சிக்கல். எனக்கு அவரைப் பத்தி ஒண்ணுமே தெரியல. அவரு டீயில சீனி கம்மிங்கிறது தெரியும், யாரையெல்லாம் பிடிக்காதுங்கிறது தெரியும். அதை வச்சு மேடையில என்ன பேச முடியும்? விவரம் வேணும். சரின்னு பஸ் ஏறிப் பாளையங்கோட்டை போனேன்.

போய்ப் பாத்தா, மனுசன் சுவரைப் பாத்துப் படுத்திருக்காரு. யாரோடயும் பேச்சு இல்ல. கஞ்சி தொடல. மதினி பக்கத்துல உக்காந்து முந்தானையைப் பிடிச்சு முறுக்கிக்கிட்டு இருக்காங்க. நான் ஸ்டூலை இழுத்துப் போட்டேன். "எப்படி இருக்கீங்க?"ன்னு கேக்கல. அது பேச்சுக்கு உதவாது. நேரா, "அண்ணாச்சி, நீங்க தொழிலுக்கு வந்து முதல் முதல்ல வித்தது என்ன?"ன்னேன்.

போர்வையை இழுத்து மூடிக்கிட்டாரு. நான் விடுவேனா? திரும்பக் கேட்டேன்.

சுவரைப் பாத்தபடியே, "ஆணி"ன்னாரு.

"என்ன ஆணி?"

"குத்தாலம், ஆணியில என்ன ஆணிவே? ரெண்டு இஞ்ச் ஆணி."

"யாருக்கு?"

இந்தப் பக்கம் திரும்பிட்டாரு. "ஒரு கோட்டிக்காரனுக்கு, பைத்தியக்காரப் பய. ஒரே ஒரு ஆணி குடும்னு கேட்டு வந்தான். காலண்டர் மாட்டணும்னான்." அப்படின்னு ஆரம்பிச்சவரு, நிறுத்தவே இல்ல.

மறுநாளும் போனேன். அதுக்கு மறுநாளும் போனேன். ஒவ்வொரு நாளைக்கு ஒவ்வொரு தலைப்பு. பால்யம், தொழில், பொதுவாழ்க்கைன்னு பிரிச்சு வச்சிருந்தேன்லா. நான் உள்ள நுழையும்போதே அவரு எந்திரிச்சுத் தலையணையில சாய்ஞ்சு உக்காந்துருவாரு. "வாரும்வே. நேத்து எதுல விட்டேன்?"ம்பாரு. நர்ஸம்மா ஒரு நாள் என்கிட்ட, "சார், நீங்க வந்தாத்தான் கஞ்சி குடிக்காங்க"ன்னா. அது என்னன்னா, கஞ்சி நேரமும் நம்ம பஸ் போய்ச் சேர்ற நேரமும் ஒண்ணா அமைஞ்சிருச்சு. வேற ஒண்ணும் இல்ல.

நடுவுல சிரிக்க வைக்க ஒரு சம்பவம் வேணும்னு சொன்னேன்லா? அதுவும் கிடைச்சுது. அண்ணாச்சி மதினியைப் பெண் பாக்கப் போன கதை. அவங்க வீட்டுல புது நாற்காலி போட்டு உக்கார வச்சிருக்காங்க. உக்காந்தவரு, மாப்பிள்ளை முறுக்கா, "இது நம்ம கடை ஆணி போட்டுச் செஞ்ச நாற்காலி, யானையே உக்காரலாம்"னு சொல்லிக்கிட்டு இருக்கும்போதே நாற்காலி நாலா விரிஞ்சிருச்சு. மனுசன் தரையில கிடக்காரு. உள்ள இருந்து ஒரு பொண்ணு கெக்கலி கொட்டிச் சிரிச்சிருக்கு. "சிரிச்சது யாரோ, அந்தப் பொண்ணைத்தான் கட்டுவேன்"னு தரையில கிடந்தபடியே சொல்லியிருக்காரு. இதை அவரு சொல்லும்போது மதினி அன்னைக்கு மாதிரியே சிரிச்சாங்க பாருங்க, பக்கத்துக் கட்டில்காரரு திரைச்சீலையை விலக்கி, "என்னா விசயம்?"னு கேட்டாரு. எனக்கு ரொம்பச் சந்தோசம். பாயிண்டு ரெண்டு முடிஞ்சிருச்சுலா.

ஆங், ஸ்க்ரூ கிடைச்சிருச்சு. என் காலடியிலதான் கிடந்திருக்கு.

பேச்சு தயாராயிருச்சு. இனி ஒத்திகை. இந்தக் கடையை விட்டா அதுக்கு வேற இடம் இல்ல சார். கண்ணாடிக்கடைன்னா சுத்திவர முகம் பாக்குற கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் நான் உக்காந்து கேக்கேன். கூட்டம் நிரம்பி வழிஞ்ச மாதிரி ஒரு தெம்பு. ஒருத்தர்கூடக் கவனம் சிதறல.

'நம்மையெல்லாம் ஆறாத் துயரில் ஆழ்த்திவிட்டு மறைந்த மாசானமுத்து அண்ணாச்சி அவர்களே'ன்னு எடுத்தேன். குரல் தானா நடுங்குச்சு. நல்ல பேச்சாளனுக்கு அது அமையும். அந்த நேரம் பாத்து மதினி வாசல்ல நிக்காங்க. குளிச்சு மாத்துத்துணி எடுத்துட்டுப் போக ஊருக்கு வந்தவங்க, ரிப்பேருக்குக் குடுத்த கண்ணாடியை வாங்க வந்திருக்காங்க.

"ஐயோ, எப்போ தம்பி? எனக்குச் சொல்லலையே!"ன்னு ஒரு அலறல்.

நான் உடனே திரும்பிச் சொல்லியிருக்கலாம். ஆனா பேச்சுல ஒரு பத்தியை ஆரம்பிச்சா நடுவுல நிறுத்தக் கூடாதுன்னு ஒரு பழக்கம் வச்சிருக்கேன். நிறுத்தினா ஓட்டம் கெட்டுரும். அந்தப் பத்தியை முடிச்சிட்டுத் திரும்பினேன். அதுக்குள்ள மதினி நடுத்தெருவுல உக்காந்து மார்ல அடிச்சு அழுதாங்க. இரும்புக்கடை ஷட்டர் இறங்குது. அதைப் பாத்து ஜவுளிக்கடை இறங்குது. எங்க பஜாருல சங்கத் தலைவருக்கு உள்ள மரியாதை அப்படி. பூக்கடைக்காரன் மாலையைத் தூக்கிட்டு ஓடி வாரான். செல்வின் நாலு பேரைக் கூட்டி நிக்க வச்சு, 'மண்ணை விட்டு'ன்னு ஆரம்பிச்சே போட்டான்!

நான் "இல்லடே, இல்லடே"ன்னு கத்துதேன். நான் துக்கத்துல கத்துதேன்னு நினைச்சு ரெண்டு பேரு வந்து என் தோளைப் பிடிச்சுக்கிட்டான்.

அந்த நேரம் என் போன் அடிக்குது. அண்ணாச்சி.

"குத்தாலம், நம்ம கடைக்குப் போன் போட்டேன், எவனும் எடுக்கல. மருந்துக்கடைக்குப் போட்டேன், எடுக்கல. பஜாரை அடைச்சாச்சா?"

"ஆமா அண்ணாச்சி."

"யாருவே போயிட்டது?"

பொய் சொல்ல எனக்கு வராது. "நம்ம சங்கத்து ஆளுதான்"னேன்.

"வயசானவரா?"

"ஓரளவுக்கு."

"அடப் பாவமே. நல்ல மனுசனா?"

"ரொம்ப நல்ல மனுசன் அண்ணாச்சி. கொஞ்சம் கோவம் வரும்."

"கோவம் வந்தா என்னவே? நல்லவனுக்குத்தான் கோவம் வரும். கூட்டம் போடும். நீரு பேசும். அந்த செல்வின் பயலை மேடையில ஏத்தாதீரும். பேரைச் சொல்லும், என் கணக்குல ஒரு பெரிய மாலை சொல்லிவிடுதேன்."

போனை மதினி கையில குடுத்துட்டேன். மதினி மூக்கைச் சிந்திட்டு, அந்தக் குரலைக் கேட்டு முந்தானையால கண்ணைத் துடைச்சாங்க. அப்புறம், "ஏங்க, நீங்க செத்துட்டீங்களாம்"ன்னாங்க.

"எவன் சொன்னான்?"

"குத்தாலிங்கம் தம்பிதான் சொல்லுச்சு. ரொம்ப அழகாச் சொல்லுச்சு."

சார், அந்தக் களேபரத்துலயும் அந்த ஒரு வார்த்தை என் மனசைக் குளுர வச்சிருச்சு. அழகாச் சொல்லுச்சாம். செல்வினும் பக்கத்துல நின்னு கேட்டான்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லி உத்தரவு. போனேன். அண்ணாச்சி கட்டில்ல கால் மேல கால் போட்டு உக்காந்திருக்காரு. "பேசும்"ன்னாரு.

"இங்கயா?"

"என்னைப் பத்தின பேச்சுதானவே? நான் இருக்கிற இடத்துல பேசும்."

பேசினேன். நர்ஸம்மா வந்து நின்னா. பக்கத்துக் கட்டில்காரரு திரைச்சீலையை முழுசா இழுத்துவிட்டாரு. 'அமைதியே உருவானவர்'னு சொன்னதும் அண்ணாச்சி கையைத் தூக்குதாரு.

"நில்லும். யாருவே அது?"

"நீங்கதான்."

"பொய். வெட்டும்."

'ஏழை எளியவர்க்கு வாரி வழங்கியவர்'ன்னேன்.

"எப்போ?"

"அது எல்லாருக்கும் பொதுவாச் சொல்றது அண்ணாச்சி."

"வெட்டும். கடன் கேட்டு வந்தவனைத் திட்டிட்டுக் குடுத்தேன்னு போடும், அதுதான் உண்மை."

பக்கத்துக் கட்டில்காரரு, "அந்த நாற்காலிக் கதையை முதல்லயே வைங்க, சும்மா பிச்சுக்கிட்டுப் போகும்"ன்னாரு. அண்ணாச்சி ஒத்துக்கல. "ஆரம்பத்துலயே சிரிச்சிட்டான்னா அப்புறம் எவன் அழுவான்? எனக்கு அழணும்வே"ன்னாரு. இல்ல, முதல்ல சிரிச்சாத்தான் பின்னால அழுகை வரும்னு கட்டில்காரரு. ரெண்டு பேரும் கட்டமைப்பைப் பத்திச் சண்டை போடுதாங்க, நடுவுல நான் நிக்கேன். நர்ஸம்மா ரெண்டு பேருக்கும் பிரஷர் பாத்துட்டு, என்னை வெளிய போகச் சொன்னா.

அந்த வாரமே அண்ணாச்சியை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. டாக்டருக்கே ஆச்சரியமாம். மருந்து நல்ல மருந்து சார், செல்வின் கடையில வாங்கினது இல்ல.

இந்தாங்க, உங்க கண்ணாடி. போட்டுப் பாருங்க. கரெக்டா உக்காருதா? ஆங். எந்திரிக்காதீங்க, இனிமேதான் விசயமே.

வீட்டுக்கு வந்த அண்ணாச்சி என்ன சொன்னாரு தெரியுமா? "எழுதின பேச்சை வீணாக்கக் கூடாது. நம்ம சங்க ஆண்டுவிழாவுல பேசிரும். நான் போனப்புறம் நீரு பேசினா எனக்கு எப்படிக் கேக்கும்?"

ஒரு இரங்கல் உரையைப் பாராட்டுரையா மாத்துறது லேசுப்பட்ட வேலை இல்ல சார். 'இருந்தார்'னு வர்ற இடத்தையெல்லாம் 'இருக்கிறார்'னு ஆக்கணும். அது போகட்டும். 'ஈடுசெய்ய முடியாத இழப்பு'ன்னு ஒரு வரி வச்சிருந்தேன். அதை என்னன்னு மாத்துவீங்க நீங்க? யோசிங்க. நான் ரெண்டு நாள் யோசிச்சேன். 'ஈடுசெய்ய முடியாத இருப்பு'ன்னு போட்டேன்! எப்படி? இழப்பு, இருப்பு! செல்வின் ஏழு ஜென்மம் எடுத்தாலும் அவனுக்கு இது வருமா?

விழா அன்னைக்கு மண்டபம் நிறைஞ்ச கூட்டம். செத்துப் பிழைச்சவரைப் பாக்க வேற ஊர்ல இருந்தெல்லாம் வந்திருக்கான். அண்ணாச்சியும் மதினியும் முன்வரிசையில. ஆரம்பத்துலயே ஆணியை அடிச்சேன். நாற்காலிக் கதையை நடுவுல வச்சேன், அண்ணாச்சி சொன்ன இடத்துல. மண்டபமே சிரிச்சுது. பொதுவாழ்க்கை பேசினேன். அந்த 'ஈடுசெய்ய முடியாத இருப்பு' வந்துச்சு. நிறுத்தி, கூட்டத்தைப் பாத்தேன். ஒருத்தன் பக்கத்துல இருக்கிறவன்கிட்ட, "ஸ்டாக்கு நிறைய இருக்குன்னு சொல்லுதாரு"ங்கான். என்ன ஜனமோ போங்க.

எல்லாம் சரியாத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு. முடிவுக்கு வந்துட்டேன். 'வாழ்க வளமுடன்'னு முடிக்கணும், அதுதான் திட்டம். ஆனா எத்தனை கூட்டத்துல பேசின வாய் சார் இது? அதுக்குத் தெரிஞ்ச பாதையில அதுபாட்டுக்குப் போயிருச்சு. "இப்போது அன்னாருக்காக அனைவரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனம் அனுசரிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

சொன்னதுக்கப்புறம்தான் என் காதுல விழுது. கூட்டமும் பழகின கூட்டம்லா? கடகடன்னு எல்லாரும் எந்திரிச்சிட்டான். மதினி எந்திரிச்சிட்டாங்க. அண்ணாச்சி சுத்திமுத்திப் பாத்தாரு. எல்லாரும் நிக்கும்போது தான் மட்டும் உக்காந்திருந்தா மரியாதை இல்லைன்னு நினைச்சாரோ என்னமோ, நாற்காலிக் கையைப் பிடிச்சு மெதுவா எந்திரிச்சு, கையைக் கட்டி, தலையைக் குனிஞ்சு நின்னாரு. அவருக்கு அவரே.

மண்டபத்துல ஃபேன் சத்தம் மட்டும்தான். நான் லேசா ஒரு கண்ணைத் திறந்து பாக்கேன். ஆளு பாதியா மெலிஞ்சு போயிட்டாரு சார். சட்டை தொளதொளன்னு கிடக்கு. அந்தச் சட்டைப் பை மட்டும் ஏறுது, இறங்குது, ஏறுது, இறங்குது. மூச்சு விடுதாரு.

'நன்றி, அமரலாம்'னு நான்தான் சொல்லணும். வாயைத் திறந்தேன். வரல. தொண்டையில பூந்தி அடைச்சிருச்சு. மைக்கைப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன், ஒரு சத்தம் வரல. நிமிசம் முடிஞ்சு போச்சு, இன்னும் ரெண்டு மூணு நிமிசமும் போயிருக்கும். ஒருத்தனும் உக்காரல, இருமல. செல்வின் கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கிட்டான். கடைசியில அண்ணாச்சியே மெள்ள மேடையில ஏறி வந்து, மைக்கை என் கையில இருந்து வாங்கி, "உக்காருங்கடே எல்லாரும், நான் எங்கயும் போகல"ன்னாரு. அப்புறம் மைக்கை மூடிக்கிட்டு என்கிட்ட, "தண்ணி குடியும்வே"ன்னாரு.

செண்பகம் என்ன கேக்கா தெரியுமா? "பேச்சு முடிஞ்சப்புறம்தான பூந்தி குடுத்தாங்க, அதுக்கு முன்னால உங்க தொண்டையில எப்படி அடைச்சுது?"ன்னு. எல்லாத்துலயும் ஒரு குறுக்குக் கேள்வி. அது போகட்டும், என் வயித்தெரிச்சல் அது இல்ல சார். இத்தனை நாள் பஸ் ஏறி இறங்கி, ஆரம்பம், நடு, முடிவுன்னு பாத்துப் பாத்துக் கட்டி, ஒரு வார்த்தை தவறாமப் பேசியிருக்கேன். அந்த 'இருப்பு'ங்கிற வார்த்தையைப் பத்தி ஒருத்தனாவது ஒரு வார்த்தை சொல்லணுமா, இல்லையா? ஒருத்தனும் சொல்லல. இன்னைக்கு வரைக்கும் இந்தத் தெருவுல போறவன் வாறவன் எல்லாம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "குத்தாலிங்கம், கடைசியில வாயே திறக்காம நின்னீரே, அதுதான்யா பேச்சு"ங்கான்.